பெயர் வைத்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர்களாக இருந்தவர்களில் இருவர் வெள்ளிக்கிழமை பிறந்தவர்கள். பிறந்த தேதியைத் தேடாமல் பெயரை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். ஒருவர், 1961 முதல் 1971 வரை அந்தப் பொறுப்பில் இருந்த பர்மாவின் ஊ தாண்ட். மற்றவர், 1997 முதல் 2006 வரை இருந்த கானாவின் கோஃபி அன்னான். கானாவில் வாழும் அகான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தையைக் கோஃபி என்பார்கள்; சனிக்கிழமை என்றால் குவாமே, ஞாயிறு என்றால் குவாசி. ஒவ்வொரு கிழமைக்கும் பெண்பால் பெயரும் உண்டு. அன்னானுடன் இரட்டையாகப் பிறந்த சகோதரியின் பெயர் ஏஃபுவா. அதற்கும் வெள்ளிக்கிழமைப் பிள்ளை என்றுதான் பொருள். பர்மியர் முறை வேறு. அவர்கள் நெடுங்கணக்கின் எழுத்துகளைக் கிழமைகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக் குழந்தையின் பெயர் ககர வரிசையில் தொடங்கும். வியாழக்கிழமைக் குழந்தைக்குப் பகரமும் மகரமும். ஊ தாண்ட் என்பதில் 'ஊ' மரியாதைக்காகச் சேர்ப்பது. பெயர் 'தாண்ட்' மட்டுமே. அதன் முதலெழுத்து வெள்ளிக்கிழமைக்கு உரியது. அவர் பிறந்த 1909 ஜனவரி 22 வெள்ளிக்கிழமைதான்.

கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ரூமா பிறந்தபோது தேதியை யாரும் எழுதிவைக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் 1909 செப்டம்பர் 21 என்று உத்தேசமாகக் குறித்துக்கொண்டார். அரசு ஆவணங்களில் ஏறி நிலைத்தது அந்தத் தேதிதான். ஆனால் அது செவ்வாய்க்கிழமை. செப்டம்பர் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை பிறந்தோம் என்பது மட்டுமே உறுதி என்று நிக்ரூமா தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். அப்படியானால் 18ஆம் தேதியாக இருக்கக்கூடும் என்று கணக்கும் போடுகிறார். ஏட்டில் இருந்த தேதி ஊகம். அந்த வீட்டுக்காரர்கள் நாக்கில் வைத்திருந்த பெயர்தான் சரியான பதிவு.

இந்தக் கிழமைப் பெயர்கள் அடிமைக் கப்பல்களிலும் ஏறிப் போயின. ஜமைக்காவின் மலைகளில் தப்பி வாழ்ந்த மரூன் மக்களின் தலைவர் கட்ஜோ, பிரிட்டிஷ் படைகளை எதிர்த்துப் போராடி 1739இல் அவர்களையே உடன்படிக்கைக்கு இறங்கிவரச் செய்தவர். கட்ஜோ என்பது திங்கட்கிழமைப் பிள்ளையைக் குறிக்கும் 'கோஜோ'தான். ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. அமெரிக்கக் கப்பல் முதலாளி பால் கஃபியின் தந்தை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர். தந்தையின் பெயரான கோஃபியையே மகன் தன் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். மொழி போயிற்று, ஊர் போயிற்று, பிறந்த கிழமை மட்டும் இரண்டு தலைமுறைக்குப் பெயரில் தங்கியது.

பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அதற்கு என்ன அர்த்தம்?" என்பதுதான். பெரும்பாலும் அது பாதிக் கேள்வி. கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை என்று அகராதி சொல்லும். அந்தக் குழந்தைக்கு அதை யார், எந்த நிலையில், எதற்காக வைத்தார்கள் என்பதை அது சொல்லாது. நம் இலக்கணத்தில் இதை விளக்கத் தோதான பாகுபாடு ஒன்று இருக்கிறது. காரணம் பற்றி வரும் பெயர் காரணப்பெயர். காரணம் இன்றி வழங்குவது இடுகுறிப்பெயர். மனிதப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே காரணப்பெயர்களாகப் பிறக்கின்றன. தலைமுறைகள் செல்லச் செல்ல, எல்லைகள் கடக்கக் கடக்க, இடுகுறிகளாகி விடுகின்றன. அந்தக் காரணங்களைத் திரும்பத் தேடிப்போவதுதான் பெயராய்வின் சுவாரசியம்.

எளிய காரணம், பிறந்த வரிசை. பாலித் தீவில் முதல் குழந்தை வயான், இரண்டாவது மாடே, மூன்றாவது ஞோமான், நான்காவது கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வயான். ரோமானியர்களின் குவின்டஸ், செக்ஸ்டஸ், டெசிமஸ் என்பவை ஐந்தாவது, ஆறாவது, பத்தாவது என்ற எண்ணுப்பெயர்களே.

நைஜீரியாவின் யோருபா மக்கள் இந்த வரிசையோடு ஒரு கதையையே சேர்த்திருக்கிறார்கள். இரட்டையரில் முதலில் வெளிவரும் குழந்தை தாய்வோ, அதாவது உலகத்தை முதலில் சுவை பார்த்தவர். அடுத்தது கெஹிந்தே, பின்னால் வந்தவர். கேட்பவர்கள் தாய்வோவை மூத்தவர் என்று நினைப்பார்கள். யோருபா வழக்கில் மூத்தவர் கெஹிந்தேதான். "வெளியே போய் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்று இளையவரை முன்னால் அனுப்பிவிட்டு, நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு வந்தவர் அவர். இரட்டையருக்குப் பின் பிறக்கும் குழந்தைக்கு இடோவு என்றும், அதற்கும் அடுத்ததற்கு அலாபா என்றும் பெயர்கள் காத்திருக்கின்றன. கால் முன்னால் வரப் பிறந்த குழந்தை இகே. இவற்றையெல்லாம் பெற்றோர் தேர்ந்தெடுப்பதில்லை; குழந்தை விண்ணுலகிலிருந்தே கொண்டுவந்த பெயர்கள் என்று தனி வகையாகவே யோருபா மக்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். தாத்தா இறந்த பிறகு பிறக்கும் பேரன் பாபாதுண்டே, தந்தை திரும்பி வந்துவிட்டார். பாட்டி இறந்த பின் வரும் பேத்தி யேதுண்டே, தாய் திரும்பி வந்துவிட்டாள்.

விவிலியத்தில் ஒரே குழந்தைக்குத் தாயும் தந்தையும் இரண்டு விதமாகப் பெயரிடும் இடம் உண்டு. பிரசவத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும் ராகேல் தன் மகனைப் பெனோனி என்று அழைக்கிறாள். என் துயரத்தின் மகன் என்று பொருள். யாக்கோபு அதை ஏற்கவில்லை. வலக்கையின் மகன் என்று பொருள்படும் பென்யமீன் ஆக்கிவிடுகிறார். மனைவியை இழந்த மனிதர், அந்த இழப்பைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் பெயராகச் சுமக்க வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். பெயர் வைப்பது ஒரு செயல், அதற்கு விளைவு உண்டு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறு சான்றை நான் அறியேன்.

பெயர்களின் உலகத்தில் மிக அடர்த்தியான பகுதி குழந்தைச் சாவின் நிழலில் உருவானது. பிறந்த பிள்ளைகளில் பலர் நடக்கத் தொடங்கும் முன்பே இறந்துகொண்டிருந்த காலம், மனித வரலாற்றின் பெரும்பகுதி. அப்போது பெற்றோர் கையில் இருந்த ஆயுதங்களில் ஒன்று பெயர். யோருபா நம்பிக்கையில் 'அபிக்கு' என்பது இறப்பதற்காகவே பிறந்து, இறந்து, அதே தாயிடம் திரும்பித் திரும்பிப் பிறக்கும் குழந்தை. அப்படி ஐயப்பட்ட குழந்தைகளுக்கு மாலோமோ என்று பெயர் வைப்பார்கள்: இனிப் போகாதே. துரோஜையே: இரு, வாழ்க்கையை அனுபவி. கோகுமோ: இனி இது சாகாது. ஒவ்வொன்றும் தாய் தன் குழந்தையிடம் நேரே பேசும் வாக்கியம். அகராதியில் இவற்றை 'பொருள்' என்று எழுதுகிறோம்; உண்மையில் இவை மன்றாட்டு.

துருக்கியில் துர்சுன் என்ற பெயர் அதே மன்றாட்டுதான்: தங்கட்டும். யாஷார் என்றால் வாழ்கிறான். மங்கோலியர் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். குழந்தைகளைத் தேடிவரும் தீய ஆவியைத் திசைதிருப்ப வேண்டும். ஆகவே பெயரிலேயே குழந்தை இல்லை என்று சொல்லிவிடுவது. நெர்குய் என்றால் பெயரில்லாதவன். எனேபிஷ் என்றால் இது அல்ல. ஹுன்பிஷ் என்றால் மனிதன் அல்ல. தமிழில் குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று வழங்கும் பெயர்களுக்குப் பின்னாலும் இதே கணக்குதான் இருக்கிறது. முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்தார்கள். அல்லது பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்தார்கள். விலையில்லாத பொருளை யமன் கூடத் தொடமாட்டான் என்பது எண்ணம். இப்பெயர்களைக் கேட்டுச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயருக்கு முன்னால் அந்த வீட்டில் எத்தனை குழந்தைகளை இழந்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வராது.

இது ஏழைகளின் வழக்கம் மட்டும் அல்ல. கி.மு. 705 முதல் 681 வரை அசீரியாவை ஆண்ட சனகெரிப் என்னும் பேரரசனின் பெயரை அக்காடிய மொழியில் முழுமையாகப் படித்தால், 'சின் தெய்வம் சகோதரர்களை ஈடு செய்தது' என்று வரும். எருசலேமை முற்றுகையிட்ட அந்த மன்னன், அண்ணன்மார் இறந்தபின் பிறந்த பிள்ளை. கல்வெட்டுகளில் அவன் வெற்றிகளைத்தான் பொறித்தான். அவன் பெற்றோரின் துக்கம் அவன் பெயரில் இருக்கிறது.

பெயர் வைத்த பிறகும் நோய் வந்தால்? பெயரை மாற்றுவதுதான் வழி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கடும் நோயில் விழுந்த குழந்தைக்கு ஹாயிம் என்று ஒரு பெயரைச் சேர்ப்பார்கள். எபிரேயத்தில் அது உயிர், வாழ்வு. சில வேளை ஆல்டர் என்று வைப்பார்கள். இத்திஷ் மொழியில் அதற்கு முதியவர் என்று பொருள். பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் மரண தூதர், அந்தப் பெயரில் இங்கே குழந்தை யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விட வேண்டும். இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோவுக்குப் பிறந்தபோது இட்ட பெயர் குஸ்னோ. சிறுவயதில் அடிக்கடி நோயில் விழுந்த மகனுக்கு மகாபாரதத்துக் கர்ணனின் பெயரை வைத்தார் தந்தை. 'சு' என்பது நல்ல என்ற முன்னொட்டு. தங்களுக்குள் தொடர்பே இல்லாத இரண்டு சமூகங்கள் ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

பெயரில் பதிவாகிற காரணம் எப்போதும் அன்பாக இருப்பதில்லை. துருக்கியின் யெத்தர் என்ற பெண்பெயருக்குப் போதும் என்று பொருள். சீனத்தின் ஜாவ்தி, தம்பியை அழைத்து வா என்று பெண் குழந்தைக்கு இடும் கட்டளை. மகாராஷ்டிரத்தில் நகுஷா, வேண்டாதவள். சதாரா மாவட்டத்தில் 2011இல் இப்பெயர் கொண்ட 285 சிறுமிகளைத் திரட்டி, அவர்கள் விரும்பிய புதுப் பெயர்களைச் சூட்டும் விழாவை நிர்வாகமே நடத்தியது. பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கப்படும் ஒவ்வொரு காலையும் 'வேண்டாதவள்' என்று அழைக்கப்பட்டு 'உள்ளேன்' என்று பதில் சொல்லிவந்த பிள்ளைகள் அவர்கள். பண்டைய ரோம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே பெண்களுக்குப் பெரும்பாலும் தனிப்பெயரே இல்லை. குலப்பெயரின் பெண்பால் வடிவம்தான் பெயர். ஜூலியஸ் சீசருக்கு இரண்டு சகோதரிகள், இருவரும் ஜூலியா. அத்தை ஜூலியா. மகளும் ஜூலியா. மூத்தவள், இளையவள் என்று அடை சேர்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

கடவுள் கொடுத்த பிள்ளை என்ற பெயர் இல்லாத பண்பாட்டைக் காண்பது அரிது. எபிரேயத்தில் நத்தானியேல், கிரேக்கத்தில் தியோடோர், பாரசீகத்தில் கோதாதாத், ஸ்லாவிய மொழிகளில் போக்தான், சமஸ்கிருதத்தில் தேவதத்தன், அரபியில் அதாவுல்லா. பிரான்சின் பதினான்காம் லூயிக்கு தியூதொன்னே என்றும் ஒரு பெயர் உண்டு, கடவுள் கொடுத்தவன். அவனுடைய பெற்றோருக்கு 1615இல் திருமணம். அவன் பிறந்தது 1638இல். 23 ஆண்டுக் காத்திருப்பு அந்தப் பெயரில் அடங்கியிருக்கிறது. தெய்வப் பெயர்களில் அரசியலும் புகும். எகிப்தில் அதேன் வழிபாடு ஓங்கியிருந்த நாளில் துட்டன்காதேன் என்று அழைக்கப்பட்ட சிறுவன், அந்த வழிபாடு சரிந்தபின் அமுன் தெய்வத்தின் பெயரேற்றுத் துட்டன்காமுன் ஆனான்.

இதுவரை சொன்ன பெயர்களைத் தாய்மொழியில் கேட்டாலே புரியும். பெயர் இடுகுறியாகத் திரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய ஜெர்மானியப் பெயர்களிடம் போக வேண்டும். அவை இரண்டு சொற்களைக் கோத்தவை. ராபர்ட் என்பதில் புகழும் ஒளியும், ரிச்சர்டில் ஆட்சியும் உறுதியும், எட்வர்டில் செல்வமும் காவலும் சேர்ந்திருக்கின்றன. 'புகழால் ஒளிர்பவன்' என்று நாம் வாக்கியமாக விரித்துக்கொள்கிறோம். வைத்தவர்கள் அப்படி நினைத்தார்களா? பதினோராம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வூஸ்டர் ஆயர், புனித உல்ஃப்ஸ்டான். ஓநாய், கல். ஓநாய்க்கல் என்றால் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தந்தை பெயர் ஏத்தெல்ஸ்டான், தாய் பெயர் உல்ஃப்கிஃபு. தாயிடமிருந்து முதற்பாதி, தந்தையிடமிருந்து பிற்பாதி. ஹில்டெகுண்ட் என்ற பெண்பெயரின் இரண்டு பாதிகளுக்கும் போர் என்றே பொருள். போர்ப்போர் என்று மகளுக்கு யாரும் யோசித்துப் பெயர் வைக்கமாட்டார்கள். சொற்பொருள் அங்கே உதிர்ந்துவிட்டது. மிஞ்சியிருப்பது உறவு. இந்தப் பிள்ளை யாருடையது என்பதைத்தான் பெயர் சொல்கிறது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். சில தலைமுறைகளுக்குள் காட்வின், ஏத்தெல்ரெட் போன்ற பெயர்கள் தொட்டில்களிலிருந்து மறைந்து வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று நாடெங்கும் பரவின. சட்டம் எதுவும் போடப்படவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் பிழைப்புக்கு நல்லது என்று குடியானவர்களும் கண்டுகொண்டார்கள். பழைய பெயர்களில் எட்வர்ட், எட்மண்ட் போன்ற சில தப்பின. ஆங்கிலேயப் புனிதர்களிடம் பக்தி கொண்ட மூன்றாம் ஹென்றி, 1239இலும் 1245இலும் பிறந்த தன் மகன்களுக்கு அப்பெயர்களை வைத்தது அதற்கு ஒரு காரணம்.

பயணம் செய்வதில் யோஹனானை மிஞ்ச ஒரு பெயர் இல்லை. கடவுள் அருள் செய்தார் என்ற அந்த எபிரேயப் பெயர் கிரேக்கம், லத்தீன் வழியே பரவி ஜான், ஹுவான், ழான், ஜொவான்னி, இவான், ஷான், இயன், ஹன்ஸ் என்று உருமாறியது. ஒரு ரஷ்ய இவானும் ஓர் ஐரிஷ் ஷானும் தங்கள் பெயர் ஒன்றே என்று எப்போதும் உணர்வதில்லை. இவர்களுக்கெல்லாம் எபிரேயப் பொருள் தேவைப்படவில்லை. யோவான் என்ற திருத்தூதரின் நினைவோ, தாத்தாவின் பெயரோ போதுமானதாக இருந்தது.

தமிழுக்கு வந்த கத்தோலிக்கக் குருமார்கள் செய்தது இதற்கு நேர்மாறான வேலை. ஒலியை விட்டுவிட்டுப் பொருளைக் கொண்டுவந்தார்கள். யோவான் அருளப்பர் ஆனார். லத்தீனில் சிறியவர் என்று பொருள்படும் பவுல், சின்னப்பர். கிரேக்கத்தில் மகுடம் என்று பொருள்படும் ஸ்தேவான், முடியப்பர். இன்று முடியப்பன் என்ற பெயரைக் கேட்கும் எத்தனை பேருக்கு ஸ்டீபனும் அவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்று தோன்றும்? பிற்காலத்தில் தனித்தமிழ் அன்பர்கள் அதே முறையில் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார், வேதாசலம் மறைமலை ஆனார். பொருள் முழுதாக எல்லை கடந்த அபூர்வமான சந்தர்ப்பங்கள் இவை. அங்கேயும் பொருளைக் காப்பாற்றியதற்குக் காரணம் வேறு. முன்னவர்களுக்கு அந்நியம் தோன்றாமல் இருக்க வேண்டும். பின்னவர்களுக்குத் தம் மொழிப்பற்றைப் பெயராலேயே அறிவிக்க வேண்டும்.

வேர்ச்சொல்லை மட்டும் பார்த்துப் பெயர் வைப்பதானால் உலகின் பாதிப் பெயர்கள் வழக்கொழிந்திருக்கும். சிசிலியா என்ற பெயர் பார்வையற்ற என்ற லத்தீன் சொல்லிலிருந்தும், கிளாடியா கால் ஊனமுற்ற என்ற சொல்லிலிருந்தும் வந்தவை. போர்ஷியாவின் வேர் பன்றி. ஃபாத்திமா என்பது பால்குடி மறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்தும், கதீஜா என்பது குறைமாதத்தில் பிறந்ததைக் குறிக்கும் வேரிலிருந்தும் பிறந்தவை. நபிகளின் மகளையும் மனைவியையும் மனத்தில் வைத்துத்தான் கோடிக்கணக்கான பெற்றோர் அப்பெயர்களைச் சூட்டுகிறார்கள். அந்த வேர் அவர்களில் யாருக்கும் பொருட்டே இல்லை, இருக்கவேண்டியதும் இல்லை.

வேரே இல்லாத பெயர்களும் உண்டு. வனெசா என்ற பெயரை எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தம் கவிதை ஒன்றுக்காக உருவாக்கினார். எஸ்தர் வான்ஹோம்ரி என்ற தோழியின் குடும்பப் பெயரிலிருந்து முதலசையை எடுத்து, எஸ்தரின் செல்லச் சுருக்கத்தோடு ஒட்டினார். அந்தக் கவிதை அச்சானது 1726இல். பிறகு ஓர் உயிரியலாளர் பட்டாம்பூச்சி இனம் ஒன்றுக்கு அப்பெயரை வைத்தார். இன்றைய பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் வனெசா என்றால் பட்டாம்பூச்சி என்று அச்சடித்திருக்கிறது. முன்னது பின்னதாகிவிட்டது. இமோஜன் என்ற பெயர் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் 1623 பதிப்பில் நேர்ந்த அச்சுப்பிழை, அது இன்னோஜனாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. எந்தப் பெயருக்கும் இரண்டு சொல்லில் அழகான பொருள் தரும் பட்டியலைப் பார்த்தால் நான் முதலில் ஐயப்படுவேன். எந்த மொழி, எந்தக் காலத்தில் முதலில் வழங்கியது என்ற இரண்டையும் சொல்லாத பொருள் பெரும்பாலும் யாரோ இட்டுக்கட்டியது.

வைத்த பெயரை வாய்விட்டுச் சொல்லவே தடை இருந்த சமூகங்கள் பல. சீனத்தில் பேரரசரின் பெயரிலும் சொந்தத் தந்தையின் பெயரிலும் உள்ள எழுத்துகளைத் தவிர்த்தாக வேண்டும். தாங் அரச காலத்துக் கவிஞர் லி ஹ, 790 முதல் 816 வரை வாழ்ந்தவர், இந்த வழக்கத்துக்குப் பலியானார். உயர்பதவிக்கான ஜின்ஷி தேர்வை எழுதத் தகுதி இருந்தது. அவர் தந்தை பெயர் ஜின்சு. எழுத்து வேறு, ஆனால் 'ஜின்' என்ற ஒலி ஒன்று. தந்தை பெயரைத் தொடும் பட்டத்தை மகன் பெறலாமா என்று போட்டியாளர்கள் கிளப்பிவிட்டார்கள். பேரறிஞர் ஹான் யூ அவருக்காக வாதாடி ஒரு கட்டுரையே எழுதினார். சீன மொழியில் 'ரென்' என்ற ஒலி அன்புடைமையையும் குறிக்கும், மனிதனையும் குறிக்கும். தந்தைக்கு ரென் என்று பெயர் இருந்தால் மகன் மனிதனாகவே இருக்கக் கூடாதா என்று கேட்டார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை; லி ஹவால் தேர்வு எழுதவும் முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு, ஹோசா மக்களிடையே மருமகள், மாமனாரின் பெயரில் வரும் அசைகளைக் கூட மற்றச் சொற்களில் தவிர்க்க வேண்டும் என்பது மரபு. அதற்காகப் பெண்கள் மாற்றுச் சொற்களை உருவாக்கி, தங்களுக்கென ஒரு சொற்கோவையையே வைத்திருந்தார்கள்.

கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் மக்களுக்குப் பெயர் என்பது ஆன்மாவின் ஒரு கூறு. இறந்தவரின் பெயரைப் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு இடும்போது, அவருடைய உறவுமுறைகளும் கூடவே வந்துவிடும். பாட்டியின் பெயரைப் பெற்ற சிறுவனை அவன் தாயே 'அம்மா' என்று அழைப்பாள். பெயர்களில் ஆண்பால், பெண்பால் பேதம் இல்லை. குடும்பப் பெயர் என்ற ஒன்றும் இல்லை. கனடா அரசின் அலுவலர்களுக்கு இது பெருந்தொல்லையாகப் பட்டது. 1941 முதல் ஒவ்வோர் இனுவிட் மனிதருக்கும் எண் பொறித்த சிறு வட்டத்தகடு கொடுத்து, கிழக்கில் இருப்பவர்களுக்கு ஓர் எழுத்து, மேற்கில் இருப்பவர்களுக்கு ஓர் எழுத்து என்று அடையாளமிட்டார்கள். முன்னோரையே பெயரில் தாங்கிவந்த மக்கள் அரசுக் காகிதத்தில் எண்கள் ஆனார்கள். 1968க்கும் 1971க்கும் இடையில் ஏப் ஓக்பிக் என்ற இனுவிட் மனிதர் குடியிருப்பு குடியிருப்பாகச் சென்று, மக்கள் தாமே தேர்ந்த குடும்பப் பெயர்களைப் பதிந்த பிறகுதான் அந்தத் தகடுகள் விடைபெற்றன.

அரசுகள் பெயரில் கை வைக்கும்போது, பெயர் எவ்வளவு ஆழமான சொத்து என்பது தெரியவருகிறது. பிரான்சில் 1803இல் வந்த சட்டம், நாட்காட்டியில் உள்ள புனிதர்கள், பழைய வரலாற்று மாந்தர் ஆகியோரின் பெயர்களை மட்டுமே பதியலாம் என்றது. இடையில் தளர்ந்தாலும், பெற்றோருக்கு முழு உரிமை கிடைத்தது 1993இல்தான். ஐஸ்லாந்தில் 1991 முதல் பெயர்களை அங்கீகரிக்க ஒரு குழுவே இருக்கிறது. இளங்காற்று என்று பொருள்படும் 'பிளைர்', இலக்கணப்படி ஆண்பால் சொல் என்று ஒரு சிறுமிக்கு அது மறுக்கப்பட்டது. பள்ளியிலும் வங்கியிலும் வெறுமனே 'சிறுமி' என்ற குறிப்போடு 15 வயது வரை வளர்ந்த அவள், 2013இல் நீதிமன்றத்தில் தன் பெயரை வென்றாள். 2019இல் பெயருக்குப் பால் பார்க்கும் விதியே நீக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் ரோலிஹ்லாஹ்லா என்ற சிறுவன் பள்ளியில் சேர்ந்த முதல் நாளில், ஆசிரியை அவனுக்கு நெல்சன் என்று ஆங்கிலப் பெயர் வைத்தார். அந்தப் பெயரை ஏன் தேர்ந்தார் என்று மண்டேலாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. காலனியாட்சியை உதறிய வேகத்தில் ஜயரின் (இன்றைய காங்கோ) அதிபர் மொபுட்டு 1972இல் கிறித்தவப் பெயர்களையே தடைசெய்தார்; ஜோசப்-தெசிரே என்ற தம் பெயரையும் விட்டுவிட்டார். விடுதலை என்ற பெயரில் வந்தாலும், பெயரைப் பறிக்கும் ஆணை ஆணைதான்.

ஜெர்மனியின் நாஜி அரசு 1938 ஆகஸ்ட் 17 அன்று பிறப்பித்த ஆணை, தான் வகுத்த பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூதர்கள் கூடுதலாக ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றது. ஆண்கள் எல்லோரும் இஸ்ரேல், பெண்கள் எல்லோரும் சாரா. இனி எந்தக் கடவுச்சீட்டை, எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் யார் யூதர் என்று தெரிந்துவிடும். பெற்றோர் ஆசையாக வைக்கும் ஒன்றை வேட்டையாடும் கருவியாக்கினார்கள்.

பல்கேரியாவில் 1984இன் இறுதியில் தொடங்கிய நடவடிக்கை, எண்ணிக்கையில் இன்னும் பெரியது. துருக்கிய வம்சாவளியினர் சுமார் 8 லட்சம் பேர், சில மாதங்களுக்குள் தங்கள் முஸ்லிம் பெயர்களைக் கைவிட்டு ஸ்லாவியப் பெயர் ஏற்க வேண்டும். காவல்துறையும் ராணுவமும் ஊரைச் சூழ்ந்துகொள்ள, அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலோடு அலுவலர்கள் வந்தார்கள். மறுத்தவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் சிறை சென்றார்கள். பதிவேடுகளில் இறந்தவர்களின் பெயர்களையும் விட்டுவைக்கவில்லை. 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்கு வெளியேறினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஆட்சித் தலைவர் ஷிவ்கோவ் வீழ்ந்தார். 1990 மார்ச்சில் பல்கேரிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பெயரைத் திரும்பப் பெற விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள்.